பவுனுத்தாயி வீட்டுச் சீரகத் தண்ணீர்

ஒரு காட்டில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் இருந்தன. மேட்டில் மான்கள் குடியிருந்தன. அவர்கள் வீட்டுச் சாக்கடை சரிந்து இறங்கி, பள்ளத்துக்குப் போகும் குடிதண்ணீர்க் குழாயின் மேலேயே ஓடியது. குழாயில் எங்கோ விரிசல். பள்ளத்தில் குழாயைத் திறந்தால் முதலில் நாற்றம் வரும். பிறகு காற்று வரும். அப்புறம் காப்பி நிறத்தில் தண்ணீர் வரும்.

பள்ளத்தில் இருந்த முள்ளெலி பவுனுத்தாயிக்கு நான்கு பிள்ளைகள். கடைக்குட்டிக்கு ஒரு மாதமாக வயிற்றுப்போக்கு. உடம்பில் முள் மட்டும்தான் மிச்சம். குழாயை மாற்றித் தரும்படி அவள் எட்டு மனு எழுதினாள். எட்டாவதற்குப் பதில் வந்தது. தண்ணீர் மாதிரி எடுக்க ஆய்வாளர் வருவார், அசுத்தம் என்று உறுதியானால் புதுக் குழாய் போடப்படும், அதுவரை வாரம் ஒருமுறை லாரித் தண்ணீர். வீட்டுக்கு இரண்டு குடம் கிடைத்தது. அதைக் காய்ச்சிக் கடைக்குட்டிக்கு மட்டும் கொடுத்தாள்.

ஆய்வாளர் கொக்கு உச்சி வெயிலில் வந்தார். குழாயடியில் சேறு. கால் நனைய அவருக்கு மனமில்லை. நிழலில் நின்றபடியே ஒரு சீசாவை நீட்டினார்.

"வீட்டுல குடிக்கிற தண்ணியில கொஞ்சம் ஊத்திக் குடும்மா."

பவுனுத்தாயிக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு அந்தக் கலங்கலை எப்படிக் கொடுப்பது? அதுவும் ஆபீசில் நாலு பேர் பார்க்கப்போகிற சீசா. கடைக்குட்டிக்கு வைத்திருந்த லாரித் தண்ணீரில் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி ஊற்றினாள். கொக்குக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். அவர் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. "நீர் தெளிவாக உள்ளது. கிருமி இல்லை. நறுமணம் உண்டு. செரிமானத்துக்கு உகந்தது. புதுக் குழாய் தேவையில்லை. லாரி நிறுத்தப்படுகிறது."

பக்கத்து வளை உடும்பண்ணன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"ஏன் தாயீ, கூடவே ரெண்டு முறுக்கும் வச்சு அனுப்பியிருக்கலாமே."

"வந்தவருக்குச் சாக்கடையையா ஊத்தச் சொல்றீங்க?"

"பிள்ளைக்கு ஊத்துறோமே தாயீ."

பவுனுத்தாயி ஒன்பதாவது மனு எழுதினாள். கொக்கு மறுபடி வந்து, மறுபடி நிழலில் நின்றார். இந்த முறை அவள் குழாயடிக்கே போய், முதல் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தாள். சீசாவுக்குள் இரண்டு புழுக்கள் ஒன்றையொன்று துரத்தின. பத்து நாளில் பதில் வந்தது.

"மாதிரி மாசுபட்டுள்ளது. மாசுபட்ட மாதிரியைச் சோதிக்க விதியில்லை. சுத்தமான மாதிரி அனுப்பவும்."

பவுனுத்தாயி அறிக்கையை எடுத்துக்கொண்டு மேடேறி ஆபீசுக்குப் போனாள்.

"சுத்தமான தண்ணி இருந்தா நான் ஏன் சார் மனு எழுதுறேன்?"

"அதையும் ஒரு மனுவா எழுதிக் குடும்மா" என்றார் கொக்கு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆமா, அந்த முதல் அறிக்கையை மான்கள் பார்த்துட்டாங்க. பள்ளத்துல மட்டும் இவ்வளவு நல்ல தண்ணியான்னு ஒரே கோபம். அங்கேயிருந்து மேட்டுக்கு ஒரு குழாய் போடச் சொல்றாங்க. நீங்க யாரும் மறிக்க மாட்டீங்களே?"

பவுனுத்தாயி அறிக்கையை மடித்தாள். வீட்டில் கடைக்குட்டி காலையிலிருந்து கண் திறக்கவில்லை.

"நாங்க ஏன் சார் மறிக்கப்போறோம்? தண்ணியை யாராவது இல்லேன்னு சொல்வாங்களா? தாராளமா எடுத்துக்கிடட்டும்."

மனு இல்லாமல், மாதிரி இல்லாமல், நான்கே நாளில் பள்ளத்திலிருந்து மேட்டுக்குக் குழாயும் மோட்டாரும் வந்தன. மந்திரி மயில் வந்து திறந்துவைத்தார். ஐந்தாம் நாள் மான்குட்டிகள் வரிசையாகப் புதருக்கு ஓடின. வைத்தியர் மரங்கொத்தி அடுத்த நிமிடமே மேட்டில் இருந்தார். பள்ளத்துக்கு அவர் ஒருநாளும் இறங்கியதில்லை.

ஏழாம் நாள் பழைய குழாயை முழுக்கத் தோண்டியெடுத்து, சாக்கடையை விட்டு விலக்கிப் புதுக் குழாய் பதித்தார்கள். மோட்டார் பள்ளத்தில் இருந்ததால் அது பள்ளத்தைத் தாண்டித்தான் மேட்டுக்கு ஏற வேண்டியிருந்தது. எனவே பள்ளத்திலும் நல்ல தண்ணீர் வந்தது. அடுத்த வாரம் கடைக்குட்டி எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான்.

"தாயீ, நம்ம பாதையும் குண்டும் குழியுமாக் கிடக்கு" என்றார் உடும்பண்ணன். "அதுக்கும் ஒரு மனு எழுதேன்."

"மனு எதுக்குண்ணே? மான் வீட்டுக் கல்யாண ஊர்வலம் இந்தப் பக்கமா வருமான்னு கேட்டுட்டு வாங்க."

நீதி: உன்னிடம் உள்ளதைப் பெரிய இடத்தோடு பகிர்ந்து குடி.