பெட்டிக்குள் மூன்று பந்தி

இவ்வுலகில் நான் மன்னிக்கவே முடியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் காரைக்குடியில் எங்கள் தெருவின் கோடி வீட்டில் குடியிருந்த மாயவித்தைக்காரர்தாம்.

பெற்றோர் இட்ட பெயர் எவருக்கும் தெரியாது. தேநீர்க் கடையில் நின்றாலும் "சபையோரே! ஒரு டீ" என்றே தொடங்குவார், ஊரார் அவரையே 'சபையோர்' ஆக்கிவிட்டனர். சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுப்பதானாலும், முதலில் இரு கைகளையும் விரித்து, "ஒண்ணுமில்ல, பாத்துக்கிருங்க" என்று காட்டிய பிறகே எடுப்பார். நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டையை நீட்டுவதற்கு அவர் பிடித்த அபிநயம் முடிவதற்குள் கடை மூடும் நேரம் வந்து, பின்னால் நின்ற பதினெட்டுப் பேர் அரிசி வாங்காமலே திரும்பினோம்.

அவர் கலையைக் கண்கட்டு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

"ஏமாத்துறதுக்கு எதுக்குங்கய்யா மேடையும் திரையும்? பெட்டியத் தெறக்குறதுக்கு முந்தி சனம் மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்குமே, அந்த ஒரு நொடி, அதத்தான் நான் செய்யிறேன். மத்ததெல்லாம் தச்சு வேலை."

சென்ற தை மாதம் கீழச்சிவல்பட்டியில் என் நண்பர் வீட்டு அறுபதாம் கல்யாணம். வளவின் நடுவே, வீட்டு முற்றத்தில், சபையோருக்கு மேடை. பார்வையாளருள் ஒருவரை மறையச் செய்வதாக அறிவித்தவர், இருநூறு பேரை விட்டுவிட்டு, ஒரே தெருக்காரன் என்ற உரிமையில் என்னை ஆளுயரப் பெட்டிக்குள் ஏற்றினார். கதவு மூடியது, ஏதோ சுழன்றது, முழங்கால் மடங்க நான் ஓர் இருட்டுக்குள் இருந்தேன். வெற்றுப் பெட்டியைத் திறந்து காட்டினார் போலும்; வளவே அதிர்ந்தது. என்னை மீட்பதுதான் பாக்கி.

அந்நேரம் பார்த்து எவனோ, "எலை போட்டாச்சு, வாங்க!" என்று கூவினான்.

நாற்காலிகள் சரிந்தன. எந்தப் பெட்டியின் உதவியும் இன்றி இருநூறு பேரும் மறைந்தனர்.

"சபையோர், தெறந்து விடுங்க."

"யாருக்குக் காட்ட?" குரல் கொதித்தது. "நீங்க மறைஞ்சத இருநூறு பேரு பாத்தாக. திரும்பி வாரத காலி நாற்காலியா பாக்கும்? பாதி நாடகத்துல நான் திரை போட மாட்டேனுங்கய்யா."

கைபேசி ஒலித்தது. என் மனைவி.

"எங்குட்டு இருக்கீக? எடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

"பெட்டிக்குள்ள."

"இன்னுமா? பாயசம் முடிஞ்சிரும்ங்க!"

கைபேசி விளக்கைப் போட்டேன். இடுக்கில் கசிந்த ஒளியைக் கண்டு, "வெளிச்சம் போடாதீக!" என்று வெளியே ஒரு கர்ச்சனை.

இரண்டாம் பந்தியும் அமர்ந்தது. அந்த இருட்டில் நான் அவருக்காக இயற்றிய வசவுகள் அச்சேறத் தக்கன அல்ல.

"கண்ண மூடிக்கிருங்கய்யா" என்றார் திடீரென்று.

மூடினேன், ஏறக்குறைய. ஒரு சிறுகதவு கிறீச்சிட்டது. உள்ளங்கையில் சூடாக ஒரு கந்தரப்பம் வந்து அமர்ந்தது.

"எனக்குன்னு குடுத்தாக. நீங்க சாப்பிடுங்க."

அதை விழுங்குவதற்குள், கை ஈரம் காயாமல் என் மனைவி மேடையேறிவிட்டாள்.

"இப்பத் தெறக்குறீகளா, கோடாலி கொண்டாரவா?"

திறந்துவிட விசையைத் தேடி அவர் கை மரத்தைத் தடவுவது உள்ளே கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வடைக்காக ஒரு கலைஞனைப் பாதியில் விட்டு ஓடுவதா? அவர்மீது சேர்த்து வைத்திருந்த சினமெல்லாம் அந்த இருநூறு பேர்மேல் திரும்பியது.

"தெறக்காதீக!" என்று பெட்டிக்குள்ளிருந்து கத்தினேன். "சனம் வரட்டும்!"

மூன்றாம் பந்தியும் முடிந்து, வெற்றிலை மென்றபடி ஆட்கள் வந்து அமர்ந்த பின்னரே, "சபையோரே!" என்ற முழக்கம் எழுந்தது. அதன்பின் ஒரு நொடி, ஒரு வாயும் மெல்லவில்லை.

நான் வெளிப்பட்டேன். கைதட்டல் இருந்தது, பாயசம் இல்லை.

இப்போது அவர் புதுவயலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவரை நான் மன்னிக்கவில்லை. அந்தச் சிறுகதவு எந்தப் பக்கம் என்று மனைவி இன்றும் கேட்கிறாள். கண்ணை மூடியிருந்தேன் என்றே சொல்லிவருகிறேன்.