பல்பருக்கு நான் பூசிய பச்சை

புதியதென்றால் பல்லிளிப்பதும் பழையதென்றால் முகஞ்சுளிப்பதும் நம்மவர்க்குப் பிறவிக்குணம். அதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சினம் மூளும். அச்சினத்தில் பெரும்பங்கு என்மீதே என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் ஏர்க்காட்டில் தமிழாசிரியனாக இருந்தேன். என் மனைவி அற்புதத்தின் குடும்பத்திற்கு மாரமங்கலம் செல்லும் வழியில் சிறியதொரு காப்பித் தோட்டம். அதைப் பார்த்துவந்தவன் அவள் தம்பி ஞானராசு. தோட்டத்துக் கொட்டகையில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் கைப்பொறி ஒன்று நின்றது. (ஊரார் அதைப் பல்பர் என்பர், எனக்கும் வேறு வழியில்லை.) பழத்தைப் பறித்த அன்றே உரித்தாக வேண்டும், தவறினால் புளித்துவிடும். எங்கள் பல்பரோ தேய்ந்துபோய்க் கொட்டைகளை நறுக்கித் தள்ளத் தொடங்கியிருந்தது.

ஞானராசு அதைச் சேலத்துப் பட்டறைக்கு அனுப்பினான். அவர்கள் கடைசித் திருகாணி வரை கழற்றி, வார்ப்பிரும்பு உடலை மட்டும் மாற்றாமல், அச்சைக் கடைந்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, உருளைக்குக் குமிழ்கள் எழுந்த புதிய செப்புத் தகட்டைப் போர்த்திப் பூட்டி அனுப்பினர். இதைப் பழுதுபார்த்தல் என்று சொல்வது பிழை; இது மறு ஆக்கம்.

"புதுசு வாங்குனாலும் இப்படித்தானுங்க மாமா சுத்தும். நல்ல இரும்பைக் குப்பையில போட்டுட்டு இன்னொரு இரும்பை எதுக்குங்க உருக்கோணும்?" என்றான் ஞானராசு.

இதைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர் வெள்ளையன் என்பவரும் வேறு சில மலைக்காரர்களும் தங்கள் தேய்ந்த பல்பர்களையும் அனுப்ப இசைந்தனர். ஆனால் எங்கள் பொறி பழம் உரிப்பதை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்றனர். ஒரு நாளும் குறித்தாயிற்று. அந்த ஒரு நாளில்தான் அத்தனை பொறிகளின் தலைவிதியும் தொங்கியது.

அதற்கு முந்திய நாள் நண்பகல் ஏர்க்காட்டுக் கடைத்தெருவான ஒண்டிக்கடைக்குப் போயிருந்தேன். புதுப் பல்பர் விற்கும் இரும்புக்கடைக்காரர், நின்றிருந்த அனைவரும் கேட்கும்படி வினவினார்:

"ஏனுங்க வாத்தியாரே, சேலத்து வைத்தியம் பார்த்தும் உங்க பல்பருக்குச் சொறி போகலையாமா?"

கூட்டம் சிரித்தது. வார்ப்பிரும்பின்மேல் பழைய பூச்சு திட்டுத்திட்டாக இருந்தது உண்மை. வேலைக்கு உதவாத அழகில் பட்டறைக்காரர்கள் கைவைக்கவில்லை. இதை அமைதியாக எடுத்துரைத்திருக்கலாம். நானோ கொதித்தேன். அங்கேயே ஒரு டப்பா பச்சைப் பெயிண்ட் வாங்கினேன். (ஆம், அவரிடமேதான். வேறு கடை தேடும் பொறுமை எனக்கேது?)

அன்று பறிப்பில்லை; ஞானராசு மறுநாள் பறிக்க வேண்டிய பழத்தைப் பார்த்துவரத் தோட்டத்துக்குள் போயிருந்தான். பொறியின் உடலுக்குப் பூசினேன். கால்களுக்குப் பூசினேன். பழம் கொட்டும் வாய்க்கு உள்ளும் புறமும் பூசினேன். செப்புருளை மட்டும் செக்கச்செவேலென மின்னிக்கொண்டிருந்தது. ஒரு பொருளுக்கு இரு நிறம் எதற்கு? அதையும் விட்டுவைக்கவில்லை. குமிழ் குமிழாகத் தொட்டுப் பூசி, குமிழுக்கொரு வசவாகக் கடைக்காரரை ஏசினேன். பனி படாதிருக்கக் கோணிச்சாக்கையும் போர்த்தினேன்.

மார்கழி மூடுபனியில் எங்கள் மலையில் வேட்டியே உலராது. பெயிண்ட் உலருமா?

மறுநாள் மலைக்காரர்கள் கூடினர். வெள்ளையன் தம் தோட்டத்துப் பழத்தையே ஒரு கூடை சுமந்து வந்திருந்தார். நான் பெருமிதத்தோடு சாக்கை இழுத்தேன். வரவில்லை. வலிந்து இழுத்தேன். சாக்கு வந்தது, நார்கள் வரவில்லை. கரடிக்குட்டிபோல் மயிரடர்ந்து நின்றது எங்கள் பல்பர்.

"மாமா, உருளைக்குமா அடிச்சீங்க?" என்றான் ஞானராசு.

"ஏன், உருளை என்ன பாவம் செய்தது?" என்று சீறினேன். அவன் தடுப்பதற்குள் கூடையைக் கவிழ்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, கைப்பிடியைச் சுழற்றினேன்.

பொறி அருமையாகச் சுழன்றது. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு கொட்டைகூட நறுக்குப்படவில்லை. அத்தனையும் முழுசாக, பச்சைப்பசேலென்று, டர்ப்பன்டைன் நாற்றத்தோடு தொட்டியில் விழுந்தன.

வெள்ளையன் ஒரு கை அள்ளி முகர்ந்தார். "ஏனுங்க வாத்தியாரே, இதைக் குடிக்கறதுங்களா, கதவுக்குப் பூசறதுங்களா?"

"பூச்சைச் சுரண்டிவிட்டால்..." என்று தொடங்கினேன்.

"உடுங்க. பல்பர் நல்லா இருந்தா எதுக்குங்க பெயிண்டு அடிச்சு மறைக்கறீங்க?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

முடிந்தது. அந்த ஐயத்தை ஞானராசு எவ்வளவு மன்றாடியும் அகற்ற முடியவில்லை. அவன் உருளையைச் சுரண்டித் துலக்கினான். அதன்பின் அப்பொறி பல்லாண்டுகள் பழுதின்றி உழைத்தது. அதைப் பார்க்கத்தான் ஒருவரும் வரவில்லை. வெள்ளையனும் மற்றவர்களும் ஒண்டிக்கடையில் புதுப் பல்பர்களை வாங்கினர். திடமான வார்ப்பிரும்பு உடல்கள் சம்மட்டியால் உடைபட்டு, உருக்காலைக்கு லாரியேறி மலையிறங்கின. கடைக்காரர் அன்று என்னைப் பார்த்து மிகப் பணிவாகக் கும்பிட்டார். மேற்பூச்சைக் கண்டு உள்ளிருக்கும் இரும்பை வெறுத்தவர்கள்மேல் இன்றும் என் உள்ளம் எரிகிறது. பூசிய கைமேல் அதைவிட எரிகிறது.

ஞானராசு என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு கிறித்துமசுக்கு முன்பும், பல்பர் ஓடும் நாட்களில், வீட்டு வாசலில் வந்து நிற்பான்.

"மாமா, சேலத்துல உங்க தங்கச்சி ஊட்டுக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு வாங்க."

"எதற்கு?"

"சும்மா தானுங்க."

அற்புதம் அதற்குள் என் பையைக் கட்டி வைத்திருப்பாள். நான் சினத்தோடுதான் பஸ் ஏறுகிறேன். சேலத்தில் தங்கை கதவைத் திறக்கிறாள், நலம் விசாரிப்பதில்லை.

"வாங்கண்ணா. இந்த வருசம் பெயிண்டு சன்னலுக்குங்களா, வாசல் கேட்டுக்குங்களா?"