மூன்று கதிரையில் ஒருத்தி

மருதமுனை,
14.02.1981

அன்பின் றபீக்கா ராத்தாவுக்குத் தங்கை கமீலா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் இரண்டு தறிகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் சுகமும் மச்சானின் சுகமும், இறக்காமத்து யானைகள் இந்த முறையாவது உங்கள் வயலை விட்டுவைத்தனவா என்பதும் அறிய ஆவல்.

நான் முதலில் கண்டது சப்பாத்தைத்தான். நெசவுச் சங்கத் தலைவர் முத்தலிப் மாமா வாழ்நாளில் ரப்பர் செருப்புக்கு மேல் போனதில்லை. அவர் போன மாதம் பளபளக்கும் சப்பாத்தோடு, செயலாளர் ஷரிபுதீன் சேரையும் கூட்டிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். சப்பாத்துப் போட்டு ஆண்கள் வந்தால் பெண் கேட்டுத்தான் வருகிறார்கள் என்று உம்மா முடிவுகட்டி, என்னைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "மாப்பிளைக்கு என்ன தொழில்?" என்று கேட்டேவிட்டார். "மாப்பிளை இல்ல தங்கச்சி, நிர்வாக சபை," என்றார் மாமா. "அது எந்த ஊரு?" என்றார் உம்மா.

விசயம் என்னவென்றால், சங்கத்துக்கு நூல் அனுப்பும் கொழும்புத் துரை ஒரு கட்டளை போட்டிருக்கிறார். சபையில் ஒரு பெண், ஒரு இளவயதினர், படிப்பைப் பாதியில் விட்ட ஒருவர், வேறு மதத்தவர் ஒருவர் எல்லாரும் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் நூல் கிடையாதாம். பழைய உறுப்பினர்கள் சவூதிக்குப் போய்விட்டதால் இடமும் காலி. நான் பெண், வயது பதினாறு, ஏழாம் வகுப்போடு நின்றவள். "ஒரு புள்ளைக்குள்ள மூணு பேர் இரிக்காங்க, அல்லாஹ்வாப் பாத்துத் தந்த புள்ள," என்று ஷரிபுதீன் சேருக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு மதத்துக்குக் கல்முனையில் ரேடியோ திருத்தும் அல்பேட் ஐயாவைப் பிடித்திருந்தார்கள். அவர் தறியைத் தூரத்தில் வைத்துக்கூடக் கண்டதில்லை. எனக்குச் சம்மதமா என்று கதவைப் பார்த்துக் கேட்டார்கள். அந்நிய ஆண்களுக்கு முன்னால் எனக்கு எப்போது வாய் திறந்திருக்கிறது? "பேசாம இரிக்கி. அப்ப சம்மதம்," என்று மாமா எழும்பிவிட்டார். நிக்காஹ்வுக்கு மட்டும்தான் பெண் பேசாதிருந்தால் சம்மதம் என்று நினைத்திருந்தேன் ராத்தா, நிர்வாகத்துக்கும் அப்படித்தானாம்.

முதல் கூட்டத்துக்குப் போனால், எனக்கென்று திரை கட்டி, பின்னால் மூன்று கதிரை போட்டிருந்தார்கள். ஒன்று பெண்ணுக்கு, ஒன்று இளவயதினருக்கு, ஒன்று படிப்பை விட்டவருக்கு. சேர் ஒவ்வொரு தீர்மானத்தையும் வாசித்து, "பெண்கள் சார்பில?" என்பார். நான் முதல் கதிரையில் பேசாமல் இருப்பேன். "சம்மதம். இளவயசாக்கள் சார்பில?" நான் அடுத்த கதிரைக்கு ஓடுவேன். தேத்தண்ணியும் மூன்று வந்தது, குடிக்காமல் விட்டால் சபைக்கு அவமரியாதை என்று மூன்றையும் குடித்தேன். இப்படியாக மாமாவின் படத்தைச் சுவரில் மாட்ட நான் மூன்று பேராகச் சம்மதித்தேன். அவருடைய மகன் காலிதீன் நூல் அறைக்குப் பொறுப்பாளர் ஆகவும் சம்மதித்தேன். சேர் எதை வாசித்தாலும் நான் இடம் மாறி மாறிச் சம்மதித்துக்கொண்டே இருந்தேன்.

போன வியாழன் கூட்டத்தில்தான் வினை வந்தது. "ஆம்பிளை இல்லாத ஊட்டுக்கு இனி நூல் இல்ல," என்று சேர் வாசிக்கிறார். வாப்பா மௌத்தான நாளிலிருந்து நம் வீட்டில் உலை கொதிப்பது அந்த நூலில்தான் என்று உங்களுக்குத் தெரியும். சபியா உம்மா வீடும் அப்படித்தான். நான் இருமினேன். "வெக்கப்படுது," என்றார் மாமா. எழும்பி மூன்றாவது கதிரையைத் தள்ளி விழுத்தினேன். "சந்தோசத்தில எழும்பிட்டுது," என்றார். அழுகை வந்தது. அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று சேர் எழுதப் போனார். அப்போது எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து, "இல்ல!" என்று ஒரு சத்தம் வந்தது.

"ஆரது கதைச்ச?" என்றார் மாமா.

"பெண்கள்," என்றார் சேர் மெதுவாக.

நான் அடுத்த கதிரைக்குப் போய், "இல்ல," என்றேன். விழுந்து கிடந்த மூன்றாவதை நிமிர்த்தி அதில் இருந்தும், "இல்ல," என்றேன்.

"இதெல்லாம் ஒரு ஆள்தானே!" என்று மாமா பாய்ந்தார்.

"ஐயோ தலைவர், மூணு பேரெண்டு கொழும்புக்கு எழுதிப் போட்டது நீங்கதானே," என்றார் அல்பேட் ஐயா. "எனக்குத் தறி தெரியாது, எண்ணத் தெரியும். இந்தத் தங்கச்சி மூணு, என்னோட நாலு. நீங்க ரெண்டு பேர்."

ஆகவே ராத்தா, நூல் தப்பிவிட்டது. நீங்கள் எங்களை நினைத்து அரிசி மிச்சம் பிடிக்க வேண்டாம். உம்மா இப்போது, "மகள் சபையில இரிக்கா," என்று மீன்காரனிடம்கூடச் சொல்கிறார். மச்சானுக்கு என் சலாம். உங்கள் பரணில் காவல் இருப்பவர்களுக்கு நல்ல கண்ணும், யானைகளுக்கு நல்ல புத்தியும் கிடைக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கமீலா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஷரிபுதீன் சேர் வந்தார். அந்தத் துரை மாற்றலாகிப் போய்விட்டாராம். புதுத் துரைக்குச் சபையில் யார் இருந்தாலும் ஒன்றுதானாம். ஆகவே நான் மூன்று பேருமில்லை, ஒருத்தியுமில்லை, சொன்ன "இல்ல" ஒன்றும் செல்லாது. நூல் விசயத்தை இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு புதிதாக எடுப்பார்களாம். உம்மா தறியில் போய் இருந்துகொண்டார். நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, சபியா உம்மா வீட்டில் தொடங்கி, ஆண் இல்லாத வீட்டுக் கதவெல்லாம் தட்டினேன். மாமாவும் சேரும் தொழுதுவிட்டு வந்தபோது, அந்த வீட்டுப் பெண்களெல்லாம் வந்து இருந்துகொண்டதில் சங்கத்தில் அவர்களுக்கு ஒரு கதிரையும் மிச்சமில்லை. "என்ன புள்ள இது?" என்று மாமா வாசலிலேயே நின்றார். நான் எழும்பிக் கூட்டத்தைத் தொடங்கினேன்.