முன்வரிசையும் மூன்று தண்ணீர்ப் பைகளும்

ஒரு படகுக்கு முன்பக்கம் எது? சமூகவியல் பட்டத்துக்காகப் படித்த காலம் முழுவதும் இப்படியொரு கேள்வி என் வாழ்க்கையில் குறுக்கிடும் என்று எவரும் என்னை எச்சரிக்கவில்லை. கூராக இருக்கும் பக்கமே முன்பக்கம் என்று உலகத்தாரைப் போல நானும் நம்பியிருந்தேன். குருநகர் இறங்குதுறையில் ஒரு காலை நடந்த வெள்ளோட்டம் அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. கெடுத்தவர் ஈயக்குண்டர்.

யாழ்ப்பாணக் குடாநாடு இன்றுவரை ஒரு பக்கமாகச் சரிந்து கடலுக்குள் போகாமல் இருப்பதற்குத் தாமே பொறுப்பு என்று மனதார நம்பிய மனிதர் அவர். வலையின் அடிக்கயிற்றில் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கி வார்ப்பது தொழில். பெயரும் அதனால் வந்தது. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை அவருடைய மனைவி கடுங்கோபத்தில் மட்டுமே பயன்படுத்துவதாகக் கேள்வி.

சட்டையின் இடப் பையில் கைத்தொலைபேசி வைத்திருப்பார். வலப் பையில் அதே நிறையுள்ள ஒரு கல். மகள் புதிய தொலைபேசி வாங்கி அனுப்பியபோது ஊரார் அதன் கமராவைப் பார்க்க வந்தார்கள். அவரோ கடற்கரையில் புதிய கல் தேடப் போய்விட்டார். ஒருமுறை காங்கேசன்துறை பஸ்ஸில் ஏறி, வலப்பக்கம் பாரம் கூடிவிட்டதென்று பயணிகளை இடம் மாற்றத் தொடங்கினார். நடத்துநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அவரை இணுவிலில் இறக்கிவிட்டார். தெருவோரம் நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்து, "பாத்தியளோ, நான் இறங்கினாப் பிறகுதான் நேராப் போகுது" என்று திருப்திப்பட்டாராம்.

மாதா கோயிலிலும் அவருக்கு நிம்மதி இருக்கவில்லை. பூசைக்கு வரும் பெண்கள் ஒரு பக்கத்தை நிரப்பிவிட, ஆண்கள் பக்கம் உட்காரும் வாங்குகளில் பாதி வெறுமையாகக் கிடக்கும்.

"சுவாமி, கோயில் ஒரு பக்கம் தாழுது" என்று போய் முறையிட்டார்.

"அப்ப ஆம்பிளையளைக் கூட்டிக்கொண்டு வாருமன்" என்றார் சுவாமியார்.

அடுத்த ஞாயிறு, சீட்டுக்கட்டைப் பரப்பிக் கடதாசி விளையாடிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் அவர் கோயிலுக்கு இழுத்து வந்தார். சுவாமியார் அதைப் பக்தி மறுமலர்ச்சி என்று நம்பி, பிரசங்கத்தில் கண்கலங்கினார்.

இப்படிப்பட்டவரின் கைக்குத்தான் ரூபனின் படகு வந்து சேர்ந்தது. ரூபன் கனடாவில் பார்த்த வேலையை விட்டு, மனைவி பிள்ளைகளுடன் ஊர் திரும்பியவர். கூடவே ஓர் இழுவைப் படகையும் கொண்டுவந்திருந்தார். அதன் பின்னே கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் பலகையில் நிற்க, படகு கிளப்பும் அலையில் ஏறித் துள்ளுவது விளையாட்டு. அலை பெரிதாக வேண்டுமானால் படகு தண்ணீருக்குள் ஆழ அமிழ வேண்டும். அமிழ்வதற்குப் பாரம் வேண்டும். படகோடு வந்த சிறிய தண்ணீர்த் தாங்கிகள் போதாவென்று பெரிய தண்ணீர்ப் பைகள் மூன்றையும் புதிய பம்பிகளையும் ரூபன் வரவழைத்தார். பின்மூலைகளில் இரண்டு பைகள், முன்னால் ஒன்று. பம்பி கடல்நீரை உறிஞ்சிப் பைகளை நிரப்பும். ஓட்டம் முடிந்ததும் வெளியே தள்ளும்.

இறங்குதுறையில் இதைக் கேட்ட ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்கடை அப்பன் பாட்டன் எல்லாம் வள்ளத்துக்கை வந்த தண்ணியை வெளியாலை அள்ளி ஊத்தியே செத்துப்போனாங்கள். உவன் மெசின் வைச்சு உள்ளுக்கை ஊத்திறான்!"

ஈயக்குண்டர் மட்டும் சிரிக்கவில்லை. வேண்டுமென்றே பாரம் ஏற்றி, ஏற்றிய பாரத்தைச் சமன்செய்யும் ஓர் இயந்திரம்! தாம் பிறந்ததன் காரணம் அவருக்கு அன்று விளங்கியிருக்க வேண்டும். கூப்பிடாமலே படகில் ஏறியவர் பிறகு இறங்கவில்லை.

அவருடைய அளவுகருவி ஒரு கிளாஸ் பிளேன்ரீ. இயந்திர மூடியின் நட்டநடுவே அதை வைத்துவிட்டுக் குந்தியிருப்பார். தேநீர் வலப்பக்க விளிம்பை நெருங்கினால், "ஓட்டிற ஆள் வலப்பக்கம். இடப் பையை இன்னும் கொஞ்சம் நிரப்பு" என்பார். பாதி நிரம்பிய பைக்குள் தண்ணீர் அலம்பிப் படகை ஆட்டுகிறதென்று கண்டபோது, காற்றை வெளியேற்றி முழுதாக நிரப்பச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தாமே பம்பியைப் போட்டுவிட்டுத் தேநீரைப் பார்த்தபடி இருந்துவிட்டார். பை பொருமி, மேலிருந்த ஆசனத்தைத் தூக்கி, அதில் அமர்ந்து தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்த ரூபனையும் தூக்கியது. வாகனத்தில் எழுந்தருளும் சுவாமி போல ரூபன் மெல்ல மெல்ல உயர்ந்தார்.

"அண்ணை! நிப்பாட்டுங்கோ அண்ணை!"

"பொறு, தேத்தண்ணி இன்னும் நேராகேல்லை."

நான் இந்தக் கதைக்குள் வந்தது வேறு பாதையால். கரையோரக் குடும்பங்களுக்கான சிறு நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். படகைக் கரையை ஒட்டிய ஆழங்குறைந்த களப்பில் ஓடவிடுவதா இல்லையா என்பதை மீனவர் சங்கம் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அதன் விளைவுகளைப் பார்த்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். ஓடினால் எங்கள் இளைஞர்கள் சிலருக்கு வேலை கிடைக்கும். ஆனால் அந்த அலை எங்கே போய் முடியும்? களப்பில் கம்புகள் நட்டுக் கட்டிய சிறகு வலைகளை நம்பிப் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. சங்கம் மறுத்தாலோ, படகு லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போகும். ரூபன் குடும்பம் மறுபடி கனடாவுக்குப் போகும். இதையெல்லாம் ஈயக்குண்டரிடம் விரிவாக எடுத்துச் சொன்னேன். அவர் என்னை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார்.

"ஐம்பத்திநாலு கிலோ. இடப்பக்கம் பின்னுக்கு இரு, பிள்ளை."

வெள்ளோட்டத்தன்று சங்கத் தலைவரும் நிர்வாகத்தினரும் வெள்ளை வேட்டி சால்வையுடன் வந்தார்கள். உயிர்காப்பு அங்கிகளை மறுத்தவர்கள், மாலைகளை அவற்றுக்கு மேலே போட்டுக்கொள்ளலாம் என்று உறுதியளித்த பிறகே அணிந்தார்கள். ஈயக்குண்டர் ஒவ்வொருவரையும் கண்ணால் நிறுத்து, எவர் எங்கே என்று முன்பே தீர்மானித்து, மூன்று பைகளையும் நிரப்பி வைத்திருந்தார். கிளாஸில் பிளேன்ரீ ஆடாமல் நின்றது.

அவர் கணக்கில் எடுக்காதது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் எந்த நிகழ்வானாலும் பெரியவர்களுக்கு முன்வரிசை. திருமணமோ, பாடசாலைப் பரிசளிப்போ, இரங்கல் கூட்டமோ, துணி போர்த்த கதிரைகள் முன்னால் இருக்கும்; அவற்றில் அமராதவர் பெரியவர் அல்லர். ஆகவே படகில் ஏறிய பிரமுகர் எட்டுப் பேரும் நேரே கூர்முனைக்குப் போய் நெருக்கியடித்து அமர்ந்தார்கள். தேநீர் முன்பக்கமாகச் சிந்தியது.

"ஐயாமார், நாலு பேராவது பின்னாலை வாங்கோ" என்று ஈயக்குண்டர் கெஞ்சினார்.

"பின்னாலையோ? நான் தலைவர், ஐசே" என்றார் தலைவர். "வேணுமெண்டால் பொருளாளரைக் கொண்டுபோய் இருத்தும்."

"ஏன், நான் என்ன குறைஞ்சுபோனனே?" என்றார் பொருளாளர்.

ஈயக்குண்டர் முன் பையை வெறுமையாக்கிப் பார்த்தார், போதவில்லை. ரூபன் பலகையுடன் கடலில் இறங்கி, கயிற்றைப் பிடித்தார். அவருடைய மச்சான் படகை ஓட்டினார். சற்றுத் தூரம் போனதும் ரூபன் விழுந்துவிட, மச்சான் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். படகின் மூக்குத் தாழ்ந்தது. களப்பு எழுந்து வந்து முன்வரிசையின் மடியில் அமர்ந்தது.

"இது வள்ளமோ, கிணறோ?" தலைவரின் சால்வை முழங்காலில் ஒட்டியிருந்தது. "திருப்படா கரைக்கு! உந்த விசர் விளையாட்டு எங்கடை களப்பிலை வேண்டாம்."

தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருந்த ரூபனின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஈயக்குண்டர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனடாவிலுள்ள உறவினருக்காக ரூபன் அமர்த்தியிருந்த வீடியோக்காரர், முன்னால் நின்று பிரமுகர்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய காதில் ஈயக்குண்டர் ஏதோ ஓதினார். வீடியோக்காரர் கமராவைத் தூக்கிக்கொண்டு படகின் பின்விளிம்புக்குப் போனார்.

"சேர், இஞ்சாலை வெளிச்சம் நல்லாக் கிடக்கு" என்றார்.

எட்டுப் பேரும் எழுந்தார்கள். சால்வையைச் சரிசெய்தபடி, ஒருவரையொருவர் முழங்கையால் ஒதுக்கியபடி, பின்னால் வந்து அமர்ந்தார்கள். கமரா இருக்கும் பக்கமே முன்பக்கம் என்று அன்றுதான் கற்றேன்.

"கமராவைக் கொஞ்சம் இடப்பக்கம்... காணும். வலப்பக்கம் ஒரு சொட்டு..." ஈயக்குண்டர் மெல்லிய குரலில் கட்டளையிட, தலைவரும் நிர்வாகமும் பைக்குள் தண்ணீர் போல அங்குமிங்கும் நகர்ந்தார்கள். கனடாவிலிருந்து வந்த எந்தப் பம்பியும் அவ்வளவு சுருக்காக வேலை செய்ததில்லை. புதிதாக ஊற்றிய பிளேன்ரீ கண்ணாடிபோல் நின்றது. ரூபன் மறுபடி கயிற்றைப் பிடித்தார், படகு சீறியது, பின்னால் ஓர் அலை எழும்பியது. ரூபன் அதில் ஏறி வானத்தில் நின்றார். பொருளாளர் கைதட்டினார். தலைவரோ கமராவைப் பார்த்துக் கைகாட்டினார்.

ஆனால் பின் பைகள் இரண்டும் நிரம்பியபடியே இருந்தன. அவற்றோடு சங்கமும் பின்னால் இருந்தது. அதுவரை எழும்பாத பெரிய அலை அது. எங்களைக் கடந்து கரைப்பக்கமாகத் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. போகிற வழியில் சிறகு வலைக் கம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன.

மச்சான் படகை வலைகளின் பக்கம் திருப்பினார்.

"ஆரின்ரை வலை அது?" என்றார் தலைவர்.

"உங்கடைதான்" என்றார் பொருளாளர், அனுதாபத்தை அளவோடு காட்டி.

ஈயக்குண்டர் பிளேன்ரீக் கிளாஸைக் கையில் எடுத்தார். "ரூபன் பொடியனிலை பிழையில்லை. நீங்கள் பின்னாலை வரேக்கை நான் பைத் தண்ணியைத் திறந்து விட்டிருக்கோணும். வள்ளத்துக்கை எல்லாம் நேரா நிக்குதெண்டு இதையே பாத்துக்கொண்டு நிண்டிட்டன். வெளியாலை பாக்கேல்லை."

தேநீரைக் கடலில் ஊற்றினார். படகு வலைகளை அணுகியதும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முதற்கம்பைத் தூக்கி நடத் தொடங்கினார். நட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடி, நேராக நிற்கிறதா என்று பார்த்தார்.

தலைவர் சிறிது நேரம் பொறுத்தார். தன் வலைக்கம்பை இன்னொருவன் நடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த மீனவனாலும் முடியாது.

"எடேய், உதில்லை! நீரோட்டம் எந்தப் பக்கமெண்டு பார்!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குதித்தார். தலைவர் இறங்கிய பிறகு நிர்வாகம் மேலே இருக்க முடியுமா? மாலைகளோடும் உயிர்காப்பு அங்கிகளோடும் எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். ரூபன் பலகையின் மேல் கம்புகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். தண்ணீருக்குள் முன்வரிசை இருக்கவில்லை. வீடியோக்காரர் மட்டும் படகில் நின்றார். அவரை எவரும் பார்க்கவில்லை.

கடைசிக் கம்பை அழுத்தியபடி தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "அங்காலை ஆழத்திலைதான் ஓடோணும். வலையளுக்குக் கிட்ட வரமுந்திப் பையெல்லாம் வெறுமையாக்கோணும். உந்த ஈயக்குண்டன் இல்லாமல் வள்ளம் வெளிக்கிடக் கூடாது."

சங்கக் கூட்டங்களில் துணி போர்த்த முன்வரிசை இன்றும் இருக்கிறது. அவ்வளவு பெரிய மாற்றத்தை நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் படகு வலைகளை அணுகும் முன் பைகளை வெறுமையாக்கி, நடைவேகத்தில் கரை சேர்கிறது. ஈயக்குண்டர் இப்போது தேநீரை ஒரு கண்ணாலும் கரையை மறு கண்ணாலும் பார்க்கிறார். ஞாயிறுகளில் நானும் போகிறேன்; இடப்பக்கம் பின்னுக்கு எனக்கென்று ஓர் இடம் உண்டு. நான் வராத நாள்களில் அந்த இடத்தில் ஒரு சிறிய பையில் தண்ணீர் நிரப்பி வைக்கிறார். அதன் பெயர் 'பிள்ளை'. போன மாதம் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அந்தப் பைக்கும் ஓர் உயிர்காப்பு அங்கியைக் கட்டிவிட்ட பிறகுதான் படகை எடுக்கவிட்டாராம்.