மிதக்கும் கான்கிரீட்டும் ஒரு வாளி மணலும்

டெலிசியாஸில் டைல்ஸ் கடையையும் நம் குடும்பத்தையும் ஒருசேர நடத்திவரும் மதிப்பிற்குரிய அக்கா ஒர்தென்சியாவுக்கு, எல் பாசோவிலிருந்து தம்பி எலுதேரியோ பணிவுடன் எழுதுவது. நானும் என் முதுகுவலியும் நலம். உன் முழங்காலுக்காக குவாதலூப்பே அன்னைக்கு ஏற்றிய மெழுகுவத்தி கடைசிவரை நின்று எரிந்தது. ஆகவே நீ இப்போது நடமாடுவாய் என்று நம்புகிறேன்.

உன் உத்தரவுப்படி, என் மகள் யாதிராவை சியாட்டிலில் பாலம் கட்டும் கம்பெனி வேலைக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவள் உன் கடைக்கே வருவாள். இடையில் நடந்ததை நீ பிறர் வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் நம் மெக்சிகோ ஆட்களின் பிள்ளைகள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், யாதிராதான் செயலாளர். இந்த வருடம் கான்கிரீட்டில் படகு செய்கிறார்கள். சிரிக்காதே, நான் உனக்கும் சேர்த்துச் சிரித்தாயிற்று. “தண்ணில முக்கி அமுக்கினாலும் மேல வரும்ப்பா. வந்தா நான் சியாட்டில் போறேன், வரலேன்னா அத்தை கடைக்குப் போறேன்” என்றாள். முப்பத்தொரு வருடமாகக் கான்கிரீட் போடுகிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தேன்.

வார்ப்பு நாளன்று பெற்றோரையும் அழைத்தார்கள். எல்லோரும் தமாலே சாப்பிடப் போன நேரத்தில் படகின் வால் பக்கத்துக்கென்று மிச்சமிருந்த கலவையை நான் தொட்டுப் பார்த்தேன். பொரி மாதிரி எடையே இல்லை. மணல் இல்லை, ஜல்லி இல்லை, ஏதோ கண்ணாடிப் பொடி. யாரோ பிள்ளைகளை ஏமாற்றிவிட்டான் என்று வயிறு எரிந்தது. பந்தயம் சத்தியமாக நினைவிலேயே இல்லை, அக்கா. வண்டியிலிருந்து ஒரு வாளி நல்ல ஆற்று மணலைக் கொண்டுவந்து போட்டுப் பிரட்டிவிட்டு, நல்ல பிள்ளையாகப் போய் நானும் இரண்டு தமாலே தின்றேன்.

ஒரு மாதம் கழித்து ஏரிக்கரையில் சோதனை. படகு நிறையத் தண்ணீர் நிரப்பி அமுக்கினார்கள். மூக்கு மேலே வந்தது, வால் வரவில்லை. யாதிராவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சங்கத் தலைவன் ஒசியேல் மூக்கின் சாய்வை அளந்தான், காகிதத்தில் ஏதோ கிறுக்கினான்.

“வால் பக்கம் இருபத்தாறு கிலோ அதிகம். மணல்தான்” என்றான்.

யாதிரா திரும்பினாள். “அப்பா, ஒரு வாளியா?”

“தலைதட்டித்தாம்மா போட்டேன்.”

தண்ணீருக்குள் கிடப்பதைக் கரையில் நின்றபடி எடைபோட்டார்கள், அக்கா! பாதிரியாரிடம்கூட என் பாவம் இத்தனை துல்லியமாக வெளியே வந்ததில்லை. என்னை ஏரியில் தள்ளுவார்கள் என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டேன்.

ஒசியேல் தோளில் கைபோட்டான். “விடுங்க மாமா. வருஷா வருஷம் எவராவது ஒரு அப்பா எதையாவது போட்டுடறாரு. போன வருஷம் ஒருத்தர் கம்பியையே சொருகிட்டாரு. அதுக்கும் இடம் விட்டுத்தான் கணக்குப் போடுறோம்.”

“கொஞ்சம் பொறுங்கப்பா, வரும்” என்றாள் யாதிரா.

வந்தது. நிதானமாக, முனகாமல், என் மணலையும் சுமந்துகொண்டு வால் மேலே வந்தது. அம்மாக்கள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் இதுவரை ஊற்றிய கான்கிரீட்டெல்லாம் போட்ட இடத்தில்தான் கிடக்கிறது. இது எழுந்து வருகிறது. என் முட்டாள்தனத்துக்கும் இடம் ஒதுக்கிக் கணக்குப் போடுகிறவளுக்கு நான் என்ன புத்தி சொல்வது?

இருந்தாலும் என் முடிவில் மாற்றமில்லை. உன் சொல்லை நான் தட்டியதுண்டா? கடையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வை. மச்சானுக்கு என் வணக்கம். உங்கள் கூரை ஒழுகாமலிருக்க இறைவன் அருளட்டும்.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
எலுதேரியோ

பி.கு.: உறையின் மேல் சியாட்டில் தபால் முத்திரை இருப்பதைப் பார்த்துப் பதறாதே. மூன்று நாள் நானேதான் வண்டி ஓட்டி வந்தேன். பாலத்துக் கலவைப் பக்கம் என்னை விடமாட்டேன் என்கிறாள் யாதிரா.