அமுக்கினால் ஓயும் காலிங்பெல்

சிரஞ்சீவி மருமகனுக்கு,

மாமா ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கே உன் அத்தையும் நலம், நானும் நலம். தனித்தனியாகத்தான் நலம், இருவரும் சேர்ந்து நலமாக இருந்து இன்றோடு நான்கு நாட்கள் ஆகின்றன. உன் உடம்பும் உத்தியோகமும் எப்படி இருக்கின்றன என்று எழுது. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபாலில் வருகிறேன். தபாலை எடுக்காமல் இருக்க முடியாது, கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் விஷயம். போன வியாழக்கிழமை நீ நம் வீட்டுக்கு வந்து, பத்து நிமிடம் பெல்லை அமுக்கிப் பார்த்துவிட்டு, கதவு திறக்காமல் திரும்பிப் போனாய் அல்லவா, அது நாங்கள் வேண்டுமென்று செய்ததல்ல. இரண்டு வருடம் முன்பு உன் ஸ்கூட்டர் பேட்டரியை நான் கழற்றி மாட்டி, ப்யூஸ் போய், வண்டி கிளம்பாமல், உன் இன்டர்வியூ கெட்டு, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன் மாமா" என்று போனாயே, அதை மனதில் வைத்துக்கொண்டு திறக்கவில்லை என்று நினைத்துவிடாதே. சிவப்பு வயரைக் கறுப்பு முனையில் மாட்டியது ஒரு சின்னக் கைத்தவறு. அதற்கு முன்பு நான் ஒழுங்காக மாட்டிய நூறு பேட்டரிகளைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? கதவு திறக்காததற்குக் காரணம் விஞ்ஞானம். விளக்குகிறேன்.

விஞ்ஞானத்தில் நான் யார் என்று உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வாத்தியார், "உனக்குச் சொல்லித்தர இனி என்கிட்ட ஒன்னுமில்லப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிய ஆள் நான். நம் வீட்டுப் பழைய பெல் கரண்ட் போனால் வாயை மூடிக்கொள்ளும். வருகிறவர்கள் தட்டித் தட்டிக் கதவு பெயின்ட் உதிர்கிறது என்று உன் அத்தை குறைப்பட, பேட்டரியில் ஓடும் பெல்லை நானே செய்வதென்று இறங்கினேன். நாலு பேட்டரிக் கட்டை, அவற்றை வரிசையாகப் படுக்க வைக்க நீளமாக ஒரு பெட்டி, ஒரு மணி, வயர், வாசலுக்கு ஒரு பட்டன். கட்டையிலிருந்து மணிக்கு ஒரே ஒரு வயர் இழுத்தேன். தண்ணீர் வர ஒரு பைப் போதும்போது கரண்ட்டுக்கு மட்டும் எதற்கு ரெண்டு? மணி அசையவில்லை. அந்த நேரம் எலக்ட்ரீசியன் ஒருவர் தெருவில் போனார், எப்போதும் காதில் டெஸ்டரைச் செருகியிருப்பதால் தெருவே அவரை டெஸ்டர் என்றுதான் கூப்பிடும். எட்டிப் பார்த்துவிட்டு, "சார், தண்ணி கீழ கொட்டிடும். கரண்ட்டு கொட்டாது. பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வந்தாகணும். திரும்பி வர வழி இல்லேன்னா அது பொறப்படவே பொறப்படாது" என்றார்.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

"பட்டனையாவது நான் மாட்டித் தரவா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று அனுப்பிவிட்டேன்.

ரெண்டாவது வயரும் போட்டாயிற்று, அப்போதும் மணி ஊமை. கோளாறு கட்டைகளில். ஒவ்வொரு கட்டைக்கும் தலையில் ஒரு குமிழ், அது ப்ளஸ். தட்டையான அடி மைனஸ். நான் ஜோடி ஜோடியாகக் குமிழும் குமிழும் பார்த்தபடி வைத்திருந்தேன், முகம் பார்த்து இருந்தால் ஒற்றுமையாக வேலை செய்யும் என்று. செய்யாதாம். இது இந்தப் பக்கம் தள்ள, அது அந்தப் பக்கம் தள்ள, ஒன்றும் நகராது, நானும் உன் அத்தையும் பீரோவை நகர்த்திய மாதிரி. ஒன்றின் குமிழ் அடுத்ததன் முதுகில் படும்படி, க்யூவில் நிற்கிற ஆட்களைப்போலத் திருப்பி வைத்தேன், மணி அலறியது பார், மாடி வீட்டு டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதாக நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சரி, பையைத் தூக்கவில்லை, ஜன்னலைச் சாத்தினார்.

இனி பட்டன்தான் பாக்கி. பட்டனுக்கு ரெண்டு கால், மணிக்குப் போகிற வயரும் ரெண்டு. ஒரு காலை ஒரு வயரிலும் மற்றக் காலை மற்ற வயரிலும் கட்டினேன். ஒரு வயரை வெட்டி அந்த வெட்டின் நடுவில் பட்டனை வைத்திருக்க வேண்டும் என்று டெஸ்டர் பிற்பாடு சொன்னார். நல்லாயிருக்கிற வயரை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. விளைவு என்னவென்றால், மணி ஓயாமல் அடித்தது, பட்டனை அமுக்கினால் ஓய்ந்தது. கரண்ட் ஒரு சோம்பேறி, மருமகனே. மணிக்குள் நுழைந்து உழைப்பதைவிடப் பட்டன் வழியாகக் குறுக்கே வீடு திரும்புவது சுலபம் என்று ஓடிவிடுகிறது. வேறொருவன் என்றால் பிரித்துப் போட்டிருப்பான். நான் அது கண்டுபிடிப்பு என்று உடனே புரிந்துகொண்டேன்.

"ஏங்க, இந்தச் சனியன் எப்பங்க நிக்கும்?" என்றாள் உன் அத்தை.

"யாராவது வந்து அமுக்கினா நிக்கும்."

"அப்ப யாரும் வராத வரைக்கும் நான் இதைக் கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

"உலகத்துல எல்லா பெல்லும் ஆள் வந்தா அடிக்கும். நம்ம பெல் ஆள் வந்தா அமைதியாகும். திருடனுக்குக் கொழம்பிடும்ல."

"எனக்கே கொழம்புது."

மணியின்மேல் பழைய துண்டைச் சுற்றினேன், அலறல் முனகலாகியது. ரெண்டு நாள் அந்த முனகலோடு குடித்தனம் நடத்தினோம். முனகல் நின்றால் உன் அத்தை கரண்டியும் கையுமாக ஓடுவாள். கதவைத் திறந்தால் டீச்சர் நிற்பார், தபால்காரர் நிற்பார். துல்லியம். வியாழக்கிழமை முனகல் தானாக நின்றது. அவள் ஓடிப்போய்த் திறந்தாள், ஆளில்லை. உள்ளே வந்தாள், இன்னும் அமைதி. யாரோ விடாமல் அமுக்குகிறார்கள் என்று மறுபடி ஓடினாள். இப்படி ஏழு தடவை. கட்டை தீர்ந்திருந்தது. கட்டைக்குள் இருக்கிற மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறும்போதுதான் கரண்ட் பிறக்கிறதாம்; மாறுவதற்கு மிச்சமில்லை என்றால் அது வெறும் தகரம்தான். நான் புதுக் கட்டை வாங்கக் கடைக்குப் போனேன். அவள், "இனி நின்னாலும் சரி, நிக்காட்டியும் சரி, நான் எந்திரிக்கிறதா இல்ல" என்று பின்பக்கம் துணி துவைக்கப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து நீ வந்திருக்கிறாய்.

நீதான் வந்தாய் என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். எதிர்வீட்டில் ஒரு டெய்லர், நீ போன பிறகு குடிவந்தவர், உன்னைப் பார்த்ததில்லை. அவர்தான் சாயங்காலம் சொன்னார்: "நெட்டையா ஒரு தம்பி, பத்து நிமிசம் பட்டனை அமுக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் கதவைப் பாத்து என்னவோ முணுமுணுத்துட்டுப் போயிடுச்சு. எடது தோள் கொஞ்சம் எறக்கம். தோள் அளவு பதினெட்டரை இஞ்ச் இருக்கும்." உனக்கும் இடது தோள் இறக்கம் ஆயிற்றே, உன் அத்தை நேராக உள்ளே போய், நீ விட்டுப்போன கட்டம் போட்ட சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "பதினெட்டரை. இந்தத் தோள்தாம்மா" என்றார். அவ்வளவுதான், அவள் நடுத்தெருவில் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு என்னிடம், "ரெண்டு வருசம் கழிச்சு வந்த புள்ளைய வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டீங்க" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. சாப்பாடு வருகிறது, சத்தம் வருவதில்லை.

"மொதல்ல அவன் வரட்டும், அப்புறம் நான் பேசுறேன்" என்று அவள் இதுநாள்வரை வீம்பாக இருந்தது உனக்கும் தெரியும். இப்போது டீச்சர் மூலமாக எனக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறாள்: "அவன் வந்துட்டான்ல, இனி எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா பெல்லு அவரோடது, மொதல்ல அவர் எழுதட்டும்." எழுதிவிட்டேன். டெஸ்டர் வந்து வயரை வெட்டிப் பட்டனை நடுவில் வைத்துவிட்டார். அமுக்கினால் அடிக்கிறது, விட்டால் ஓய்கிறது, ஊரில் எல்லா வீட்டிலும் போல. சுவாரஸ்யம் போய்விட்டது. நீ ஞாயிற்றுக்கிழமை வா.

நீண்ட ஆயுளும் நிறைந்த மனசும் உனக்கு வாய்க்கட்டும். உன் மேலதிகாரிக்கு என் விசாரிப்பைச் சொல், அவர் வீட்டில் பெல் ஏதாவது பழுதென்றால் கூச்சப்படாமல் எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பெல் அடித்தது. போய்த் திறந்தேன். தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்கிற ஆள், நெட்டை, இடது தோளில் மூட்டை மாதிரி ஒரு பை. "வியாழக்கிழமையும் வந்தேன் சார், பத்து நிமிசம் அமுக்கினேன், பெல் வேலை செய்யல" என்றான். பையை இறக்கி வைக்கச் சொல்லிப் பார்த்தேன், தோள் சமமாகத்தான் இருக்கிறது. ஆக நீ வரவில்லை. மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள். ஸ்கூட்டர் விஷயத்தில் கைத்தவறு என்று எழுதியதையும் சேர்த்துத்தான். எனக்கு அன்றைக்கு ப்ளஸ் எது, மைனஸ் எது என்றே தெரியாது. உன் அத்தைக்கு இந்த ஆள் வந்தது தெரியாது, உன் அறையில் மெத்தையை வெயிலில் போட எடுத்துக்கொண்டிருக்கிறாள். என்னால் அவளிடம் சொல்ல முடியாது. அதனால் நீ வந்துவிடு. வந்தால், "வியாழக்கிழமையும் வந்தியாமே" என்றுதான் முதலில் கேட்பாள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு. பொய்யை நான் சொல்லிக்கொள்கிறேன், அதில் எனக்குக் கைத்தவறே வராது.