தேங்காய்க்கும் சாம்பிள் உண்டு

என் தோப்பில் நிற்கும் நூற்றிருபது தென்னைகள் மேல் சத்தியம். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

மங்கலத்துக்கு அந்தப் பக்கம் செங்காட்டுப்புதூர் பேரூராட்சி. அங்கே நாலாவது வார்டில் இருபது நாளாகக் குழாயில் காற்றுதான் வந்தது. கோடைக்கென்று இருந்த குடிநீர் நிதியை என்ன செய்யலாமென்று மன்றம் யோசித்தது. யோசிப்பது சிரமமான வேலை. ஆகவே, அதற்கு வெளியூர் ஆலோசகர் ஒருவரை அமர்த்தத் தீர்மானித்தது.

வந்தார் தரணீதரன். 'ஜல ஆற்றல் ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு. தோளில் ஒரு பை. பைக்குள் லேப்டாப்பும் ஒரு தேங்காயும். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நடப்பார். தண்ணீர் இருக்கும் இடத்தில் அது எழுந்து நிற்கும். நம் ஊரில் நீரோட்டம் பார்ப்பவர்கள் காலகாலமாகச் செய்வதுதான். ஆனால் அவர்களிடம் லேப்டாப் இல்லையே!

முதல் நாளே ஐந்நூறு பேர். லேப்டாப்புக்குத் திருநீறு பூசியாயிற்று. ஒருவர் மகளின் ஜாதகத்தை நீட்ட, அதற்கும் தேங்காய் நிமிர்ந்தது.

"மாப்பிள்ளை போர்வெல் வண்டி வெச்சிருப்பாருங்க" என்றார் தரணீதரன்.

பேரூராட்சித் தலைவர் அர்த்தநாரி, பனியன் கம்பெனி முதலாளி. கழுத்துப்பட்டி அரை சென்டிமீட்டர் கோணினால் ஆயிரம் பீஸைத் தூக்கிப் போடுகிறவர். அவரே பக்தியோடு பேனாவைத் திறந்து, நிதி முழுவதையும் ஆலோசகருக்குக் கொடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"ஏனுங்க தலைவரே, சாம்பிள் பாத்தாச்சுங்களா?"

கேட்டவர் மருதம்மாள். நாலாவது வார்டு. தலைவர் கம்பெனியிலேயே பதினெட்டு வருடமாகச் செக்கிங் வேலை. அன்று காலையும் இரண்டு குடம் தண்ணீருக்காக அடுத்த தெருவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்.

"எதுக்கம்மா சாம்பிளு?"

"சரக்கு வாங்கற பையர் சாம்பிளை ஓகே பண்ணாம நீங்க துணியில கத்திரி வெக்க மாட்டீங்களே! இந்த நிதி போச்சுன்னா கோடை பூரா எங்க தெருவுக்குத் தண்ணி இல்லீங்க. தேங்காய்க்கும் ஒரு சாம்பிள் பாத்துப்போடலாமுங்க."

தலைவருக்குத் தொழில்புத்தி விழித்தது. பேனாவை மூடினார்.

பேரூராட்சி வளாகத்துக்குப் பத்து நீல டிரம் வந்தது. தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் பெரியகருப்பன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒன்றில் மட்டும் தண்ணீர் நிரப்பினார். மற்ற ஒன்பதிலும் பனியன் வேஸ்ட், வெட்டிப்போட்ட துண்டுத் துணி. மூடி போட்டுவிட்டுத் தானும் வெளியேறினார்.

தரணீதரன் கூட்டத்தோடு உள்ளே போய், லேப்டாப்பை ஓரத்து டிரம் மேல் வைத்துவிட்டு நடந்தார். மூன்றாவதில் தேங்காய் துள்ளி நின்றது. கைதட்டல்! திறந்தால் வேஸ்ட். ஆறாவதில் நின்றது. வேஸ்ட்.

"சந்தேகப்படறவங்க பக்கத்துல நின்னா ஜல நரம்பு சுருங்கிரும்" என்றார்.

"அப்ப நான் தெருமுக்குக்குப் போயிக்கறனுங்க சாமி" என்று மருதம்மாள் போனார். நரம்பு தாராளமாக விரிந்தது. தேங்காய் எட்டாவதில் நின்றது. பச்சைக் கலர் வேஸ்ட்.

தண்ணீர் எதில் இருந்தது? லேப்டாப் உட்கார்ந்திருந்த டிரம்மில்.

திரும்பி வந்த மருதம்மாள் தேங்காயை வாங்கித் தன் கையில் படுக்க வைத்தார். அங்கேயும் எழுந்து நின்றது.

"கையை இப்படிச் சாய்ச்சுக் கட்டைவிரல்ல ஒரு தள்ளு. அவ்வளவுதானுங்க!"

கூட்டம் சிரித்து அடங்குவதற்குள் ஜல ஆற்றல் பஸ் ஏறிவிட்டது.

அப்புறம்தான் தலைவருக்குப் பெரியகருப்பனைக் கேட்கத் தோன்றியது.

"போன வருசம் ரோடு போட்டப்ப எங்கியோ வால்வு மேல தார் ஊத்தி மூடிட்டாங்க. இப்ப அதுலதான் அடைப்புங்க. எடம் தெரியாம தொறந்து பாக்க முடியலீங்க."

"ஏனப்பா, முன்னயே சொல்லலை?"

"யாரும் கேக்கலீங்களே!"

புதைந்த வால்வைத் தேடும் கருவி பேரூராட்சியில் கிடையாது. அதற்கு வெளியாள் வேண்டும்தான். அந்தக் கருவி வைத்திருந்த ஒரு கம்பெனியை அழைத்து, இடம் தெரிந்த வால்வு ஒன்றை முதலில் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கண்டுபிடித்தது. பிறகே வேலை உத்தரவு. மூன்றாம் நாள் மருதம்மாள் வீட்டுக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுக் கொட்டத் தொடங்கியது.

ஆகவே மகாஜனங்களே, வெளியாளைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். அதற்குமுன் உள்ளே இருப்பவனை ஒரு வார்த்தை கேளுங்கள். மூளையை மட்டும் குத்தகைக்கு விட்டுவிடாதீர்கள். லேப்டாப் வைத்திருப்பவனிடம் சாம்பிள் கேளுங்கள். சத்தியம் செய்கிறவனிடமும் கேளுங்கள்.

எனக்கு ஒரு தென்னங்கன்றுகூடக் கிடையாது.